நெத்திலியின் நாற்பத்தொரு வினாடி

ஜூன் 22, ஞாயிறு

காலை 5.50. பேய்க்காற்று. பள்ளி மைதானத்தில் நிறுத்தியிருந்த தாண்டுகம்பிகளில் பாதி விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றின் காலிலும் ஹாலோபிளாக் கல் வைத்து நிறுத்தவே இருபது நிமிடம். பல்லிடுக்கில் துறைமுகத்துக் கரித்தூசி.

புது நோட்டு. பழையதை நெத்திலி தின்றுவிட்டாள். நாயின் முழுப் பெயரை எழுதுவது இதோடு சரி. இனி நெ.

கோவையில் நாய்களுக்கான தடையோட்டப் போட்டி செப். 21. சரியாகப் பதின்மூன்று வாரம்.

இன்று மூன்று முழுச் சுற்று, பதினெட்டுத் தடைகள்: 48.2, 47.6, 47.1 வினாடி. போன வருடம் அங்கே மூன்றாவதாக வந்த நாய் 43. நான்கு வினாடியை எங்கே பிடிப்பது?

நெ.யின் குறைகள்:
– பன்னிரண்டு கம்பத்துக்கு நடுவே வளைந்து வளைந்து நுழையும்போது வேகம் விழுகிறது.
– சாய்பலகையில் இறங்கும்போது தயக்கம்.
– துணிக் குழாயிலிருந்து வெளியே வந்ததும் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

பாதிச் சிப்பிப்பாறை ரத்தம் இருந்தும் இந்த வேகம்தான். மீதிப் பாதி பஸ் ஸ்டாண்டு.

ஆராதனைக்குப் பிந்திப் போனேன். சேலைக் கரையில் மண்.

ஜூன் 24, செவ்வாய்

விழுந்தேன்.

சீசா முடிந்து இடப்பக்கம் திரும்பும் இடம். கால் மணலில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முழங்காலுக்குள் டொப்பென்று ஒரு சத்தம்.

நெ. மீதி மூன்று கம்பிகளையும் ஒழுங்காகத் தாண்டி முடித்தாள். பிறகு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். போன் பையில். பை வேப்பமரத்தடியில். கால் மணி நேரம் வானம்.

பால் வாங்கப் போன அருள் பார்த்துவிட்டான். என் கணவரின் தம்பி, எங்கள் மாடியில் இருக்கிறான். ஜனவரியில் குடித்துவிட்டு என் ஸ்கூட்டரை உப்பளத்து வாய்க்காலில் இறக்கியதிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை.

"மைனி, எந்திரிக்காதீங்க. அப்பிடியே கெடங்க."

"ஆபீசுக்கு லேட்டாவுது."

"ஆபீசு எங்கயும் போயிராது."

ஆட்டோ பிடித்து வந்தான். நெ. ஆட்டோவைத் துரத்திக்கொண்டு மெயின் ரோடு வரை வந்துவிட்டாள். அவளைப் பிடிக்க அருள் ஓடி வந்தான். ஆட்டோ கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகவே ஓடினான்.

ஜூன் 27, வெள்ளி

ஸ்கேன். லிகமெண்ட் பாதி கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம். ஆறு வாரம் பெல்ட், அப்புறம் பயிற்சி.

டாக்டர்: "எப்படி விழுந்தீங்க?"

"நாயோட ஓடும்போது."

"நாய் வெரட்டுச்சா?"

"இல்ல டாக்டர், போட்டிக்கு. அது தாண்டும், நான் கூடவே ஓடி வழி காட்டணும்."

"வயசு?"

"நாய்க்கா?"

"ஒங்களுக்கு."

நாற்பத்தாறு. எழுதிக்கொண்டார். வெளியே நர்ஸ், நாய்க்கடி ஊசி போட்டாச்சா என்று கேட்டாள்.

ஆபீஸில் வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கண்டெய்னர் கிளியரன்ஸ் தாள்கள் எல்லாம் லேப்டாப்பில். காலை நீட்டி வைக்க ஸ்டூல்.

ஜூலை 15, செவ்வாய்

ஓட்டம் இல்லாத மூன்று வாரத்தில் நெ. தின்றவை: இடது செருப்பு (இரண்டு ஜோடியிலும் இடதே), டிவி ரிமோட், மெத்தையின் ஒரு மூலை, பாமாலைப் புத்தகத்தின் அட்டை.

இன்று சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

"ஏளா கிரேசு, ஒன் நாயி எங் கோழியக் கொன்னுரும் போலுக்கு!"

மன்னிப்பு கேட்டேன். உட்கார்ந்தபடியே.

அருள் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைனி, நான் வேணா ஓட்டிப் பாக்கட்டா?"

"அது சும்மா ஓட்டுறது இல்ல."

"தெரியும். மாடியிலருந்து ரெண்டு வருசமா பாக்குதேன்லா."

குடியை விட்டு ஆறு மாதம் என்கிறான். டிரெய்லர் ஓட்டிய வேலை போய்விட்டது. இப்போது ஒரு குடோனில் சரக்கு எண்ணுகிறான். பார்ப்போம் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சம்மதித்தேன். அருளை நம்பி அல்ல, கோழிகளை நினைத்து.

மைதானத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நெ. முதல் கம்பியைத் தாண்டிவிட்டு நேராக என் நாற்காலிக்கு வந்தாள். மறுபடி முதல் கம்பி, மறுபடி நாற்காலி. ஒன்பது தடவை.

"என்னைய மனுசனாவே நெனைக்க மாட்டேங்கு மைனி."

"கைய ஆட்டாத. தோளு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கந்தான் அது போவும்."

"தோளா? நான் இவ்வளவு நாளும் கைன்னுல்லா நெனைச்சேன்."

பத்தாவது தடவை நான்கு கம்பி. அதோடு விட்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெல்ட் கழற்றியாயிற்று. கால் வாழைத்தண்டு போல் மெலிந்திருக்கிறது. நடை சுவரைப் பிடித்து.

நான் இருந்தால் நெ.யின் கவனம் என்னிடம். அதனால் இந்த வாரம் முழுக்க அருள் தனியாகத்தான் போகிறான். காலை வந்து சொன்னான்:

"நாப்பத்தொண்ணு மைனி."

"என்ன நாப்பத்தொண்ணு?"

"வினாடி."

வாட்சை அழுத்தத் தெரியவில்லை என்று சொன்னேன். எந்தத் தடையையாவது விட்டிருப்பாள் என்றேன். 

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நானே போய்ப் பார்த்தேன். காற்று என் பக்கமாக வீசும்படி சைக்கிள் ஷெட் சுவருக்குப் பின்னால் நின்று. பதினெட்டுத் தடைகளும் தாண்டினாள். ஒன்றையும் விடவில்லை. என் வாட்சில் 41.3.

குழாயிலிருந்து வெளியே வந்தாள், நிற்கவில்லை. அருள் அவளுக்கு முன்னாலேயே அடுத்த கம்பியருகே இருந்தான். திரும்பிப் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்?

நாயின் குறைகள் என்று நான் எழுதி வைத்தவை என் குறைகள். நான் பின்தங்கியதால் நின்றாள். ஐந்து வருடமாக என் வேகத்துக்கு ஓடியிருக்கிறாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன், கொஞ்சம் கழித்து. வீட்டுக்கு வந்து இரண்டு இன்வாய்ஸ் தப்பாக அடித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கப்பலில் வேலை பார்க்கும் கணவர் அங்கிருந்து போன். லைன் விட்டு விட்டு.

"நாயை அவன்கிட்டயா குடுத்த? ஸ்கூட்டரையே வாய்க்கால்ல விட்டவன்கிட்டயா?"

"ஓட்டத்துக்கு மட்டுந்தான்."

"போட்டிக்கு?"

லைன் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

போட்டிப் படிவத்தில் நாயோடு ஓடுபவரின் பெயரை மாற்ற வெள்ளிவரை நேரம்.

டாக்டரிடம் கேட்டேன், ஒரே ஒரு சுற்று ஓடலாமா என்று. "ஓடுங்க. மறுநா ஆபரேஷனுக்கு வந்துருங்க" என்றார். சிரிக்கவில்லை.

பிசியோதெரபி கொடுக்க வரும் பெண், நவம்பரில்தான் ஓடலாம் என்கிறாள். நெ.க்கு வயது ஆறு ஆகப்போகிறது. சிப்பிப்பாறைக்கு இதுதான் உச்சம். அடுத்த வருடம் இந்த வேகம் இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

அருள் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அவனிடம் சொன்னபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வேண்டாம் மைனி. ஒங்க நாயி."

"என் நாயிதான். நீ ஓடு."

செப்டம்பர் 12, வெள்ளி

அருள் பயிற்சிக்கு வரவில்லை. 6 மணி. 6.30. போன் அணைந்திருக்கிறது. மாடி பூட்டியிருக்கிறது. எதை நினைப்பேனோ அதைத்தான் நினைத்தேன். நெ. கேட்டருகில் தன் வாரைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

7.20க்கு வந்தான். முகம் வெளிறி, சட்டை நனைந்து. கிட்டே போய் மோந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். வியர்வை மட்டும்.

"துறைமுக ரோட்டுல நடந்துக்கிட்டு இருந்தேன் மைனி. ராத்திரியே கடைக்குப் போயிரணும்போல இருந்துச்சு. காலையில நடந்தா சரியாவும்னு போனேன்."

"எதுக்கு அப்படி?"

"தோத்துட்டா எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு."

கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு நெ.யைக் கூட்டிக்கொண்டு போனான். 43.8. பரவாயில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு. கோவை

புல் மைதானம். மணலில் ஓடிப் பழகிய நாய்க்குப் புல் வழுக்குமோ என்று பயம். மொத்தம் இருபத்தெட்டு நாய்கள். நாட்டு நாய் நெ. மட்டும். ஒருவர் கேட்டார், இது என்ன பிரீட் என்று. "தூத்துக்குடி" என்றான் அருள்.

நான் கண்ணில் பட்டாலும் வாசனை பட்டாலும் களத்தை விட்டு ஓடி வந்துவிடுவாள். அதனால் வேனுக்குப் பின்னால், கழிப்பறைச் சுவர் ஓரம், காற்று என் பக்கம் வீசும் இடத்தில். ஒன்றும் தெரியாது. மைக் சத்தம் மட்டும் கேட்கும்.

பதினான்காவதாக அழைத்தார்கள். அவள் பெயரை நெட்டிலி என்றார்கள்.

விசில். வாட்சை அழுத்தினேன். முதலில் அருளின் குரல், "வா வா வா". அப்புறம் கூட்டம். சீசா தரையில் மோதும் சத்தம் கேட்டது, மரச் சீசா, நம்முடையதைவிடக் கனம். பிறகு டக். ஒரு கம்பி விழுந்துவிட்டது. எந்தக் கம்பி என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், திறந்திருந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. கைதட்டல். நிறுத்தினேன்: 41.

பூடிலை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "உங்க நாய் எப்ப ஓடுது?"

"இப்பதான் ஓடிச்சு."

"நீங்க பாக்கலையா?"

இல்லை என்றேன்.

அதிகாரபூர்வமாக 41.0, விழுந்த கம்பிக்கு ஐந்து தண்டப் புள்ளி. நான்காம் இடம். கம்பி விழாமல் இருந்திருந்தால் முதல் இடம்.

அருள் வந்தான். நெ. என்னைப் பார்த்ததும் வாரை இழுத்துக்கொண்டு வந்து மேலே விழுந்தாள். காலைக் காப்பாற்ற வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினாறாவது தடையில உள்ள கம்பி மைனி. நான்தான் தோள சீக்கிரம் திருப்பிட்டேன். அது மேல தப்பு இல்ல."

"செரி."

"திட்டுங்க மைனி."

"தண்ணி குடி மொதல்ல."

வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வெகு நேரம் தண்ணீர் குடித்தான்.

அக்டோபர் 18, சனி

பயிற்சிகள்: சுவரோரம் உட்கார்ந்து எழுவது 30, படி ஏறுவது 40, ஒற்றைக் காலில் நிற்பது ஒரு நிமிடம். நேற்று 48 வினாடியில் விழப்போனேன்.

போட்டியன்று யாரோ எடுத்த வீடியோவை மகள் சென்னையிலிருந்து அனுப்பியிருக்கிறாள். ஒரு மாதமாக போனில் இருக்கிறது. இன்று பார்த்தேன். அழகாக ஓடுகிறாள். இரண்டு தடவை பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று நாளாக மழை இல்லை. மண் இறுகிக் கிடக்கிறது, ஓடத் தோது. பிசியோதெரபிப் பெண் மெதுவாக ஒரு சுற்று போகலாம் என்றாள்.

ஜனவரியில் மதுரையில் போட்டி. போகும் வழியில் அருள் கேட்டான், யார் ஓடுவது என்று. நீதான் என்றேன்.  இன்றைக்கு வாட்ச் மட்டும் அவனிடம்.

ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக்கூடாது. நெ. இரண்டாவது கம்பியைத் தாண்டி நின்றாள், நான் வரும்வரை. குழாய் தாண்டி நின்றாள். சீசா முடிந்து திரும்பும் இடத்தில் என் காலோடு ஒட்டி நடந்தே வந்தாள், நான் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று கம்பி. கடைசிக் கம்பி தாண்டும்போது எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை.

"எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது மைனி."

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தி அழித்துவிட்டான். அழிக்கும் முன் நான் பார்த்துவிட்டேன். 58.4.

"பரவால்லயே" என்றேன்.

"பரவால்லயாவா? அஞ்சு மாசம் கழிச்சு ஓடுதீங்க மைனி!"

மத்தியானம் கீழே வந்து சாப்பிடச் சொன்னேன். சாளைமீன் புளிமுளக் குழம்பு. நோட்டில் 58.4 என்றே எழுதியிருக்கிறேன். அவனிடம் கடைசிவரை நாற்பத்தொன்பதுதான்.