வியாழன் காலை வரை

மார்ச் 4

மதிப்பிற்குரிய நிருபர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை நான் போனில் கூப்பிட்டபோது, "மேடம், பக்கம் முடிக்கிற நேரம், உயிரை வாங்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கோபமில்லை. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். வருடக்கணக்கில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, இந்தத் தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்தவள் நான். எங்கள் புதிய குளிர்பெட்டியைப் பற்றி அனுப்பிய செய்திக் குறிப்பில் என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.

இப்படிக்கு,
மக்கள் தொடர்பு அலுவலர்

மார்ச் 9

வணக்கம் மேடம்,

அழுதீர்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னியுங்கள். அந்த நேரத்தில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் அப்படித்தான் கத்துவேன். காலையில் கூப்பிடுங்கள், டீ குடித்துவிட்டு மனிதனாக இருப்பேன்.

குறை கேட்டீர்கள். "உலகத் தரம்" என்று முதல் பத்தியிலேயே மூன்று இடத்தில் வருகிறது. அந்தப் பெட்டியால் யாருக்கு என்ன பயன் என்று தேடினேன். கடைசிவரை ஆளே இல்லை, உங்கள் இயக்குநரின் படம்தான் இருந்தது. எனக்கு ஒரு மனிதர் வேண்டும், அவரோடு பேச வழி வேண்டும். உங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொன்னால், நிறையைச் சொல்லும்போது நம்புவேன். அனுப்பிய பிறகு "எப்ப வரும், எப்ப வரும்" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற கேள்வி.

அன்புடன்,
உயிர் வாங்கப்பட்ட நிருபர்

செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

இரவு ஷிப்ட் பெண்களின் பிள்ளைகளுக்காகத் திறந்த காப்பகம் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் கேன்டீனில் ஒருவர் சத்தமாகப் படிக்க, எல்லோரும் கேட்டார்கள். அங்கே மின்விசிறி ஓடவில்லை என்பதை நானே உங்களிடம் சொன்னதற்காக மேலாளர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். ஆனால் மறுநாளே விசிறி ஓடியது. "அந்த நிருபர் உங்க சொந்தக்காரரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அந்தக் குறை தீர்ந்தது. கண் எரிகிறது என்றீர்களே, கண் டாக்டரிடம் போகாமல் ஏமாற்றாதீர்கள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

இது உங்களுக்கு மட்டும், அதனால் உறையை ஒட்டி ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். பெயின்ட் பிரிவை மூடப்போகிறார்கள். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை போகிறது. வியாழக்கிழமை காலையில்தான் அறிவிப்பு. விவரம் முழுவதையும் இதோடு வைத்திருக்கிறேன். அவசரத்தில் யாரோ அரைகுறையாக எழுதி அந்த மக்களைப் பதறவைக்கக் கூடாது. நீங்கள் நின்று நிதானமாக எழுதுவீர்கள். வியாழன் காலை வரை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். கசிந்தால் என் வேலையும் போய்விடும்.

அக்கா

ஜனவரி 24

அக்கா,

மூச்சுவிட மாட்டேன். வாக்கு.

தம்பி

ஜனவரி 31

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். யாருக்கு என்ன சேர வேண்டும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். வேலை போனவர்கள் சிலர் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். இப்படிச் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர்கள் உங்கள் தொழிலில் எத்தனை பேர்! ஏன் போனை எடுக்கவில்லை? உடம்பு சரியில்லையா?

அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. என் தங்கையின் கணவர் அந்தப் பெயின்ட் பிரிவில்தான் வேலை பார்த்தார். உறவைக் காட்டிச் செய்தி கறக்கிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று சொல்லாமல் இருந்தேன்.

அறிவிப்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேறு ஊரில் ஒரு கம்பெனி மாப்பிள்ளையை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். தங்கைக்கு நிறைமாதம், வீட்டை மாற்ற மனசில்லை. மாப்பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "மச்சான், நீங்க நாலும் தெரிஞ்சவர். போகட்டுமா, இருக்கட்டுமா?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றேன்.

என் கண் முன்னாலேயே, வரவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கை சந்தோஷத்தில் இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

வியாழக்கிழமை என் பெயரோடு செய்தி வந்தது. சாயங்காலம் போனபோது, "உனக்கு எப்பண்ணா தெரியும்?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. போன வாரமே என்றேன். "அவர் உன்னைக் கேட்டாரே, அப்பவும் தெரியுமா?" தெரியும் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி

ஜனவரி 31

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்தபிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? காரணம்கூடச் சொல்ல வேண்டாம். "அக்கா, ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் "சொல்லுங்க" என்றிருப்பேன். வேலை போனால் போகட்டும் என்றிருப்பேன். உங்கள் தங்கையிடம் நான் வந்து பேசட்டுமா? வாக்கு வாங்கியவள் நான்தானே.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வர வேண்டாம். நேற்று மறுபடி போனேன். தங்கை வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வாசலிலேயே நின்று பேசினார். "உங்க தொழில் தர்மம் மச்சான், புரியுது" என்றார். அதற்குப் பதிலாக என்னைத் திட்டியிருக்கலாம்.

நீங்கள் சம்மதித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரியும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அத்தனை நிருபர்களையும் விட்டுவிட்டு ஒருவர் என்னை மட்டும் நம்பிச் சொன்னார் என்ற பெருமை எனக்கு. உங்களிடம் அனுமதி கேட்டு அதைத் துளி குறைத்துக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. அந்தப் பெருமைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்தேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து நின்றது ஞாபகம் வருகிறது. இனிமேல் எனக்குத் தனியாக எதுவும் எழுதாதீர்கள். எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பும்போது எனக்கும் ஒன்று அனுப்புங்கள். போதும்.

இப்படிக்கு,
நிருபர்