நேரம் தவறி ஊதிய சங்கு

பனச்சமூடு
19.8.1999

அன்பு மகன் வினீத்துக்கு அம்மா சத்தியபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், மனசு மட்டும்தான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. மஸ்கட்டில் உனக்கு உடம்பும் மனசும் நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வெயிலில் வெறுந்தலையோடு நடக்காதே, கடைச் சோற்றையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவின் வலது கையில் தையல் போட்டிருக்கிறது. பயப்படாதே, ஆள் நன்றாக நடமாடுகிறார். எப்படி ஆனது என்று ஒழுங்காகச் சொல்கிறேன், நீ உன் வழக்கப்படி கடைசிப் பக்கத்துக்குத் தாண்டாமல் நிதானமாகப் படி.

நம் மில்லை ஆபீஸ் பார்க் ஆக்குகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, ஆக்கிவிட்டார்கள். பூச்செடி கிடையாது ஊஞ்சல் கிடையாது, பார்க்காம். அப்பா பஞ்சு உடைத்த அந்தப் பெரிய கொட்டகையில் இப்போது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மார்கழிக் குளிர், வரிசையாகக் கம்ப்யூட்டர். உன் தங்கை லிஷாவுக்கு அங்கேதான் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம், அதற்குள் ஒரு குறை சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இந்த வேலைக்காக அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்று உனக்குத் தெரியும். திறப்புவிழாவை முந்தாநாள், மலையாள வருடம் பிறந்த சிங்கம் ஒன்றாம் தேதி வைத்தார்கள். மந்திரி வருகிறார், பழைய தொழிலாளிகளுக்கு அழைப்பு இல்லை. உன் அப்பா, மகள் உள்ளே இருக்கிறாளே அது போதும் என்று காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அவள் பாலராமபுரம் கரைவைத்த சேலையில் பூத்தட்டு பிடித்து முன்னால் நிற்க வேண்டுமாம்.

மில் சங்கு உனக்கு ஞாபகம் இருக்கும். ஷிப்டு நேரத்துக்கு ஊதினால் வேலை, நேரம் தவறி ஊதினால் பஞ்சில் தீ. அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நனைத்த சாக்கோடு ஓட வேண்டும், ஷிப்டில் இல்லாதவனும் ஓட வேண்டும், அதுதான் அவர்களுக்குள் சட்டம். வெறும் தண்ணீரை ஊற்றினால் பஞ்சு மேலே அணைந்து உள்ளே கனலும், சாக்குப் போட்டு மூச்சு முட்டவைக்க வேண்டும் என்பார் அப்பா. மில் பூட்டி ஒன்பது வருடம் ஆகிறது, அந்தச் சங்கு செத்துப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்கு நான் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். உச்சிப்பொழுதுக்கு முன்னால் சங்கு ஊதியது மக்கா! என் கையிலிருந்து கத்தி விழுந்துவிட்டது. உன் அப்பா ஆட்டுக்கொட்டிலில் கிடந்த சாக்கை எடுத்துக் கிணற்றடி வாளியில் முக்கினார், மேலே சட்டைகூட இல்லாமல் ஓடிவிட்டார். மோள் உள்ள இருக்கா, மோள் உள்ள இருக்கா என்று அவர் சொல்லிக்கொண்டே ஓடியது மட்டும் எனக்குக் கேட்டது. நானும் வாசலைப் பூட்டாமல் அந்த ஒரு பஸ் ஸ்டாப் தூரமும் பின்னாலேயே ஓடினேன். ரப்பர் தோட்டத்திலிருந்து சோமன் ஓடிவருகிறார், ஜெயதாஸ் பாதி முகம் சவரம் செய்த சோப்போடு ஓடிவருகிறார், பொன்னப்பன் ஆட்டோவை ரோட்டின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு வருகிறார். எல்லாரும் பழைய மில்காரர்கள், எல்லார் கையிலும் ஈரச்சாக்கு.

அங்கே தீயும் இல்லை ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மந்திரி நாடா வெட்டும்போது பழைய சங்கை ஒருதரம் ஊதினால் விசேஷமாக இருக்கும் என்று மானேஜருக்குத் தோன்றியிருக்கிறது. சங்கைச் சரிபண்ணத் தெரிந்த மகாபுத்திசாலிக்கு, அதைக் கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒரு ஆளிடம் கேட்கத் தெரியவில்லை பார். இவர்கள் காவல்காரனை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. அது தானாகத் திறக்கும் கதவு என்று உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? விழாவுக்கு வைத்த பூந்தொட்டியைத் தூக்கி ஒரே போடு, முழுக் கண்ணாடியும் இறங்கிவிட்டது. உள்ளே பாயும்போது சட்டத்தில் நின்ற கண்ணாடித் துண்டில் கை பட்டுத்தான் இவ்வளவு தையலும். சோமன் உள்ளே நுழைந்து பார்த்தபோது கண்ணில் பட்ட தீ ஒன்றே ஒன்று, மந்திரி அப்போதுதான் ஏற்றிவைத்த நிலவிளக்கு. அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார். மந்திரியின் வெள்ளை வேட்டி முழுக்க எண்ணெய். உன் அப்பா கையில் ரத்தம் சொட்டச் சொட்ட, தீ எங்க, பிள்ளையளு எங்க என்று கத்திக்கொண்டு நிற்கிறார்.

போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்தார். மானேஜர் முகம் சிவந்து, இந்த ஆள் யார், இங்கே வேலை செய்கிற யாருக்காவது இவன் சொந்தமா என்று மலையாளத்தில் கேட்டார். நான் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டேன், என் கண்ணாலேயே பார்த்தேன். லிஷா பூத்தட்டோடு முன்வரிசையில் நிற்கிறாள். ஓர் அடி முன்னால் வைத்தாள். உன் அப்பா அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இங்க ஆரும் இல்ல சாரே, சங்கு கேட்டு வந்தேன் என்றார். அவள் நின்றுவிட்டாள். நின்றேவிட்டாள் மக்கா. பெற்ற அப்பா ரத்தத்தோடு நிற்கிறார், இவள் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போகப் பார்த்தேன். விழா நடக்கிற இடத்தில் வழக்கு வேண்டாம் என்று யாரோ சொல்லி மில்காரர்கள் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டார்கள். பொன்னப்பன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தார்.

சாயங்காலம் லிஷா வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். உன் அப்பா என்னைத்தான் கடிந்தார். அவ ஒரு எட்டு முன்னால வெச்சா, நான் கண்டேன், அது போரும், நான்தான் தடுத்தேன், நீ பிள்ளைய ஒண்ணும் சொல்லப்பிடாது என்றார். அது போதுமா? எனக்குப் போதாது, நான் அப்படித்தான். குடும்ப ஜெபத்தில் அப்பா எப்போதும்போல உன் பேரைச் சொல்லி, அடுத்து அவள் பேரைச் சொல்லி, அவளுக்குக் கொடுத்த வேலையை நிலைநிறுத்தும் ஆண்டவரே என்றார். லிஷா ஆமென் சொல்லவில்லை. பாயை விட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நேற்று முழுக்க வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள்.

இன்றைக்குக் காலையில் குளித்து உடுத்து அப்பா முன்னால் வந்து நின்றாள். சட்டையை இடுங்க, என்கூட வாங்க என்றாள். எங்கே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேலை போயிரும் மக்கா, சும்மா இரி என்றார் இவர். போனா போட்டு, நீங்க வாங்க என்றாள். நான் நடுவில் புகுந்து, ஒரு நாள் பொறு, கொஞ்சம் யோசி என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள்மேல் எரிந்துவிழுந்த நானேதான் சொன்னேன், வாய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அப்பாவின் சட்டையை எடுத்துவந்தாள். கையில் கட்டு இருப்பதால் அப்பாவுக்குப் பொத்தான் போட முடியவில்லை, அவளே போட்டுவிட்டாள். இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். இருப்புக்கொள்ளாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவ்வளவு எழுதி நிறுத்தியிருந்தேன், இப்போது வந்துவிட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். உடைந்த கதவுக்குப் பக்கத்தில், அத்தனை பேரும் பார்க்க, மானேஜரிடம் லிஷா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது எனக்க அப்பாவாக்கும், அண்ணைக்கே சொல்லியிருக்கணும் என்றாளாம். சரி, வேலை என்னாயிற்று என்று கேட்டேன். அதுக்க காரியம் ஒண்ணும் நான் கேக்கல்லியே என்றார். லிஷா அடுப்படியில் நின்று, திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொல்வார்களாம் என்றாள். சொல்லிவிட்டு, காலையில் அவித்துவைத்த மரச்சீனியை எடுத்து அப்பாவுக்கும் தனக்கும் போட்டுத் தின்னத் தொடங்கிவிட்டாள். நானும் உட்கார்ந்து தின்றேன்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காத்து நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, வேலையைப் பற்றி அதில் ஒன்றும் கேட்காதே. தலையில் துணி கட்டிக்கொள்ள மறக்காதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
ஞா. சத்தியபாய்