யாரோட நம்பர் இது

மார்ச் 4
ஒன்பதாம் வகுப்பில் இன்று 5882353 என்று பலகையில் எழுதினேன். அதை 588, 2353 என இரண்டாக வெட்டி, இரண்டின் வர்க்கத்தையும் கூட்டச் சொன்னேன். மறுபடியும் 5882353! ஒருத்தரும் நம்பவில்லை, மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் இது வகுபடாது என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மார்ச் 5
கடைத்தெருவில் குண்டு. பதினொரு பேர். பள்ளிக்கூடம் இல்லை.

மார்ச் 12
உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

ஆறாம் தேதி போலீஸ் சோதனையில் என் பையைக் கொட்டினார்கள். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அந்த எண், சுற்றிலும் வட்டம். ஜீப்பில் ஏறும் முன்பே கன்னத்தில் முதல் அடி.

"யாரோட நம்பர் இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரோடதும் இல்ல சார். பகா எண்."

பக்கத்தில் 17 என்று எழுதியிருந்தேன். பதினேழால் பெருக்கினால் பத்துக் கோடியே ஒன்று வரும், அதற்காக என்றேன். "பதினேழாந்தேதி எங்க வைக்கப் போறீங்க?" உள்ளங்காலில் லத்தி. ஒருவர் களைத்தால் இன்னொருவர். அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் என்ன வரும் என்பது மறந்துபோனது.

ரெண்டாம் நாள் — சொல்லிட்டேன். போன் நம்பர்தான்னு. அடி நின்னாப் போதும்னு இருந்துச்சு. ஏழு இலக்கம், எவன்கிட்ட இருக்கப் போகுதுன்னு நினைச்சேன்.

இருந்தது. ஒரு டெய்லரிடம். அவரையும் பிடித்து வந்தார்கள். என்னை எதிரே உட்காரவைத்து, அவருடைய வலது கையை மேஜை இழுப்பறைக்குள் திணித்து, இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலால் உதைத்து மூடினார். விரல் முறியும் சத்தம் சின்னதுதான். டெய்லர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாருங்க நீங்க?"

நேற்று நிஜமான ஆட்கள் சிக்கிவிட்டார்களாம். எங்களைப் பின்வாசல் வழியே அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 13
"உசுரோட வந்தீங்களே, அது போதும்" என்றாள் மனைவி. போதுமா?

ஏப்ரல் 2
அவர் கடையைத் தேடிப் போய்ச் சொன்னேன், பொய் சொன்னது நான்தான் என்று. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு இரும்பு ஸ்கேலை இடது கையில் எடுத்தார். நெற்றி, காது, தோள். நான் தடுக்கவில்லை. அவர் சம்சாரம் ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்தார். யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியெல்லாம் என் ரத்தம்.

மூச்சு அடங்கியதும், "அந்த இன்ஸ்பெக்டர் மேல கேஸ் போடப் போறேன். இதையே கோர்ட்ல சொல்லுவியா?" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த ஆண்டு, ஜனவரி 20
பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் மறித்தார்கள். சாட்சிக்குப் போகக் கூடாதாம். முன்பல் இரண்டு போயிற்று.

ஜனவரி 23
போனேன். பல் இல்லாமல் வார்த்தை குழறியது. போன் நம்பர் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார் இன்ஸ்பெக்டரின் வக்கீல். ஆமாம் என்றேன். பொய் என்று தெரிந்தேவா? ஆமாம். இன்ஸ்பெக்டர் சிரித்தார். இழுப்பறையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் டெய்லர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலி. ஒன்றரை மணி நேரம், நான் நின்றுகொண்டே வந்தேன்.