பிரிக்காத குக்கர்

நிலவு, தென்துருவ நிலையம்
பதிவு எழுதுபவர்: பூபாலன், பராமரிப்புப் பொறியாளர்

நாள் 331, காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி 94 சதவீதம். ஆட்கள் இருவர்: நானும் பாறை ஆய்வாளர் சகாயராணியும். அடுத்த கலம் வர நாற்பது நாள்.

உதிரிப் பெட்டிகள் பிரித்தது: 0.

கடைசி வரியைத் தினமும் எழுதுவது பெருமைக்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. பதினோரு மாதமாக எது கெட்டாலும் இருப்பதை வைத்தே ஒட்டியிருக்கிறேன். பூமிக் கட்டுப்பாட்டு அறையில் என் பெயரே 'பிரிக்காத பூபாலன்'.

நேற்று ரைஸ் குக்கர் நின்றுவிட்டது. ராணி தூத்துக்குடிக்காரி, ஒரு வேளை சோறு இல்லையென்றால் முகம் தூக்கிக்கொள்வாள். "புதுக் குக்கர் அலமாரியில சும்மாத்தான கெடக்கு, எடுங்கண்ணே" என்றாள். சாத்தூரில் எங்கள் வீட்டில் புது மிக்ஸி ஆறு வருடம் அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் இருந்தது. பழையதைத் தட்டித் தட்டி ஓட்டினோம். அந்தப் பழக்கம் நிலவுக்கு வந்தும் போகவில்லை.

நாள் 331, மாலை 16:30

குக்கர் ஓடுகிறது.

போனது தெர்மல் ஃபியூஸ். சூடு மீறினால் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் குட்டிக் குழல், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டோரில் தனியாக இல்லை. பயன்பாட்டில் இல்லாத ஒரு கருவியிலிருந்து எடுத்தேன். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும் என்பதால் சின்ன உலோக ஸ்லீவ் போட்டு நசுக்கிப் பிடித்தேன்.

ராணி பருப்புப்பொடி போட்டு இரண்டு தட்டு சாப்பிட்டாள். "கைராசிண்ணே ஒங்களுக்கு" என்றாள். பூமிக்கு அதையும் சேர்த்து அனுப்பினேன்.

உதிரிப் பெட்டிகள் பிரித்தது: 0.

நாள் 334, காலை 08:15

ராணி ரோவர் வண்டியில் கிளம்பிவிட்டாள். வெயிலே படாத பள்ளத்துக்குள் பதினொரு கிலோமீட்டர். பனிக்கட்டி மாதிரிகளை எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்புவாள். அங்கே குளிர் மைனஸ் இருநூறு.

நாள் 334, பகல் 11:50

ரோவர் நின்றுவிட்டது. உடையிலுள்ள ரேடியோ வேலை செய்கிறது. அவளுடைய செய்தி:

"பேட்டரி செத்துருச்சிண்ணே. டிஸ்ப்ளே மொத்தமும் இருட்டு. குளிர்ல வெறச்சிருக்கும்னு நெனக்கேன். என் வெப்பப் போர்வைய எடுத்துப் பேட்டரிப் பெட்டிய நல்லா சுத்திவிட்டுருக்கேன். கொஞ்சம் சூடேறட்டும். என்ன சொல்லுதீய?"

'சரி' என்று பதில் அனுப்பினேன்.

உடையில் ஏழு மணி நேரக் காற்று இருக்கிறது.

பகல் 12:40

"இன்னும் உயிர் வரலண்ணே. இருட்டுக்குள்ள ரொம்ப நேரம் நிறுத்துனது என் தப்புதான். நீங்க எத்தன தடவ சொல்லிருக்கீய. மன்னிச்சிருங்க."

பரவாயில்லை, காத்திரு என்றேன்.

பிற்பகல் 14:05

நாள் 331 பதிவில் ஒரு திருத்தம்.

ஃபியூஸ் எடுத்தது பயன்பாட்டில் இல்லாத கருவியிலிருந்து அல்ல. ரோவரின் பேட்டரியைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரிலிருந்து. அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரை முறுக்கி டைரக்டாகக் கொடுத்துவிட்டேன். ஊரில் எல்லா எலக்ட்ரீஷியனும் செய்வதுதான். மைனஸ் இருநூறு குளிரில் எது சூடு மீறப் போகிறது என்று நினைத்தேன். நினைத்துச் சிரித்தேன்கூட.

சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரி குளிரில் சாகவில்லை, வெந்துகொண்டிருக்கிறது. மற்ற எல்லாம் அணைந்தாலும் ஹீட்டருக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் போகும். அதன் மேல் அவள் போர்வை.

11:50-க்கே எனக்கு இது தெரியும். செய்தி முடிவதற்குள் தெரிந்துவிட்டது. அப்போதே "ஒயரை வெட்டு, போர்வையை எடு" என்று சொல்லியிருந்தால் பேட்டரி ஆறி எழுந்திருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பூமியும் கேட்கும். தானாகச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். செய்யாத தப்புக்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சொல்லப் போகிறேன்.

14:30

சொல்லிவிட்டேன்.  அவள் பதில்:

"ரெண்டு மணி நேரமா நான் அதுக்குப் போர்வ போத்திவிட்டுட்டு இருந்தேன். நீங்க கேட்டுட்டு இருந்தீய."

ஒயரை வெட்டினாள். பெட்டி உப்பி வெடித்திருக்கிறதாம். இனி எழாது. நடக்கப் போகிறாள். மேட்டில் ஆறு மணி நேர நடை. உடையில் நாலே கால் மணி நேரக் காற்று.

காற்றுக் குப்பியோடு எதிரே வருகிறேன் என்றேன். வெளி உடை போடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் முகமூடியில் சுத்த ஆக்சிஜன் மட்டும் சுவாசித்தாக வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் குறைந்ததும் இரத்தத்தில் குமிழி கட்டி வாசலிலேயே விழுவேன். அதை 11:50-க்குத் தொடங்கியிருந்தால் இந்நேரம் வெளியே நடந்துகொண்டிருப்பேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சோத்த வச்சிருங்கண்ணே. பசிக்கி. வாரேன்" என்றாள்.

15:20

முகமூடியோடு சமையல் மேடையில் நிற்கிறேன். பழைய குக்கரைத் தொடக் கை வரவில்லை. அலமாரியிலிருந்து புதிய பெட்டியை இறக்கி டேப்பைக் கிழித்தேன்.

மூடியின் உள்பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே தெர்மல் ஃபியூஸ் இரண்டு. 'பழைய குக்கருக்கும் பொருந்தும்' என்று அச்சிட்ட சீட்டு.

 அரிசி களைந்தேன். இரண்டு பேருக்கு.

16:20

"அண்ணே, கால் சறுக்கிருச்சி. முட்டி வீங்குது. எந்திரிக்க முடியல."

நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கிறாள். இருட்டுச் சரிவில் இறங்கி அங்கே போய்ச் சேர எனக்கு நாலு மணி நேரம். அவளுக்கு இரண்டரை மணி நேரக் காற்று. அசையாமல் படுத்தால் மூன்றரை. எத்தனை முறை கூட்டினாலும் அரை மணி நேரம் குறைகிறது. விழுங்கியது நான்தான், வாயை மூடிக்கொண்டு.

16:38

உடை போட்டாயிற்று. கையுறையோடு தட்டுகிறேன், எழுத்து பிசகும்.

பூமிக்கு எல்லாவற்றையும் உள்ளபடி அனுப்பிவிட்டேன். இதைப் படிப்பவர்களுக்கு: பனிக்கட்டி மாதிரிகள் அவள் எடுத்தவை, அவள் பெயரில் போகட்டும். ரோவர் நின்றதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இருட்டில் நிறுத்தியது தப்பில்லை. அவளிடம் இதைச் சொல்லவே மறந்துவிட்டேன், இனிமேல்தா

"கெளம்பிட்டீயளாண்ணே? தூக்கம் தூக்கமா வருது. பேசிக்கிட்டே வாங்க."

ஓடவேண்டும் நாலு மணியை மூன்றரை ஆக்க

சோறு வெந்துவிட்டது குக்கரை அணைக்கவில்லை சூடாக இருக்கட்டும்

ஆட்கள் இருவர்

உதிரிப் பெட்டிகள் பிரித்தது: 1