கீழே இருந்த சுவிட்ச்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிறு

தனா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. வேலை முடிந்ததை எழுதுகிறேன்.

மலைத்தண்ணீர் இனி நம் கீழ்த்தளத்துக்குள் வராது. கார் இறங்கும் சரிவின் மேல்முனையில் முக்கால் அடி மேடு கட்டிவிட்டேன். தண்ணீர் தேங்கும் கன்னி மூலையிலேயே குழி எடுத்து மோட்டாரை அங்கே மாற்றிவிட்டேன். தண்ணீர் ஏறினால் தானாக ஓடும். சுவிட்ச் இப்போது மேலே, சமையலறைச் சுவரில் இருக்கிறது. யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை.

போன ஐப்பசிக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

உன் தம்பியின் கருமாதி அன்று உன் அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கன்னி மூலைல குழி ஆவாதுன்னு நாந்தானுங்க மாத்தி வெக்கச் சொன்னேன். எம் பையன நானே கொன்னுட்டனுங்க." பக்கத்தில்தான் நின்றேன். இன்னமும் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா சொன்னார்.

அவருக்கு இதைப் படித்துக் காட்டு. வாஸ்துவுக்காகக் குழி இடம் மாறியதால் தண்ணீர் தேங்கியது, அவ்வளவுதான். நம்மோடு தங்கிப் படித்த அவனைக் கொன்றது மின்சாரம். சுவிட்சைக் கீழே வைத்தவன் நான். தண்ணீரில் நின்று அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவனும் நான்.

அவனாகவே இறங்கினான் என்று நீங்களெல்லாம் நினைக்கிறீர்கள். இல்லை. அவன் போன அன்று மத்தியானம் ஆபீசிலிருந்து அவனுக்குப் போன் செய்தேன். "முழங்காலுக்குத் தண்ணி நிக்குதுங்க மாமா. இஞ்சினியர் ஊட்டுலயே நீச்சல் குளமுங்களா?" என்று சிரித்தான். எனக்கு மீட்டிங் இருந்தது. "வாயடிக்காம எறங்கி மோட்டாரப் போடு மாப்ள" என்றேன்.

"செரிங்க மாமா" என்றான். அவன் போனை வைப்பதற்கு முன்பே நான் வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்