ஊதா விழுந்த புஞ்சை

கரிசல்குளம்,
திருச்சுழி ரோடு,
அருப்புக்கோட்டை வழி.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

குவைத்தில் இருக்கும் என் மூத்த மகள் யுவராணிக்கு அய்யா சோணைமுத்து எழுதுவது. இங்கே நானும், காரியாபட்டியில் உன் தம்பி மாரிசெல்வம் குடும்பமும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் கருப்பசாமி துணை இருக்கட்டும்.

தாயி, இது யார் எழுத்து என்று யோசித்திருப்பாய். உன் அய்யா எழுத்துதான். நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். பக்கத்துக் காட்டு மீரா சாகிபின் மருமகள் நர்கிஸ் நம் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். அங்கே உன் தெருவுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற மன்சூர் அலியின் சம்சாரம்தான். அம்மா போன பிறகு சாயங்காலத்தில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அதனால்தான் போய் உட்கார்ந்தேன். பிறகு விட முடியவில்லை. இப்போது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். வழியில் வருகிற கடைப் பெயரையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். போன வாரம் கண்டக்டர், "பெருசு, ஸ்டாப்பு சொல்லுற வேலைய நீங்களே பாத்துக்கிருங்க, நான் செத்த நேரம் தூங்குறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த கடையையும் படித்தேன்.

மீரா சாகிபு மட்டும் என்னை விடுவதாக இல்லை. "ஏலே சோணை, இத்தன வருசமா கைநாட்டு உருட்டி வச்ச பெருவிரலு வேலையில்லாம கெடந்து அழுவுதாம்ல" என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் கேட்கிறார்.

ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். வீரசோழன் ஊர்க்காரர் தமீம் அன்சாரி லீவு முடிந்து வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடலாம் என்று இன்றைக்கே தொடங்கினேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதில் நீ அழ ஆரம்பித்தால் நான் மழை பெய்ததைப் பற்றிப் பேசிவிடுவேன். அம்மா இருந்தபோது போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். இப்போது பிடுங்க ஆள் இல்லை.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

அம்மா புஞ்சையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

டவுன் நம் பக்கம் நகர்ந்துகொண்டே வருகிறது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து நம் ரோட்டில் கார் நின்று காட்டை எட்டிப் பார்க்காத நாள் இல்லை. டவுனுக்குப் பழைய திட்டம் ஒன்று இருந்ததாம். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே விவசாயம், எங்கே ஆலை என்று வகுத்து வைத்தது. அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து மாற்றுகிறார்கள். நம் ஊரையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். புதுத் திட்டத்தைப் படமாகப் போட்டு ஆபீசில் ஒட்டியிருக்கிறோம், ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நானும் மீரா சாகிபும் போனோம். ஆபீஸ் மாடியில் இருந்தது. அவர் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போய் நின்றுகொண்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே சுவர் முழுக்கப் படம். பச்சை என்றால் விவசாயம், மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை என்று ஓரத்தில் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினேன். நம் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்தேன். ஓடையைக் கண்டுபிடித்தேன். ஓடைக்குக் கிழக்கே விரலை நகர்த்திக்கொண்டு போய் நம் புஞ்சையின் சர்வே நம்பரையும் பிடித்துவிட்டேன். யாரும் காட்டித் தரவில்லை தாயி. சந்தோஷம் தாங்காமல், "இந்தா, இதுதான் எங்க காடு! ஊதா! தொழிற்சாலை!" என்று சத்தமாகப் படித்தேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மீரா சாகிபு மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கை வைத்து, "ஏலே, படிச்சது என்னன்னு புரியுதா?" என்றார். அப்புறம்தான் புரிந்தது.

அவர் காடு பச்சையில் இருந்தது. அதில் கொத்தமல்லி விதைத்திருக்கிறார். நம் காட்டில் அம்மா போனதிலிருந்து உழவு இல்லை, சீமைக்கருவை முள் வளர்ந்து நிற்கிறது.

அங்கே இருந்த மேடம் நல்ல மாதிரி. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "ஐயா, வானத்துல இருந்து எடுத்த படத்தையும் ஊர்க் கணக்கையும் வச்சுத்தான் போட்டிருக்கோம். தரிசா கெடக்குறதை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துத் தொழிற்சாலைக்கு ஒதுக்கியிருக்கு" என்றார். வீடு கட்டலாமா என்று கேட்டேன். பச்சையில் இருந்தால் விவசாயம் பார்க்கிறவர் தன் நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்ட அனுமதி வாங்கலாமாம். ஊதாவில் வீட்டுக்கு அனுமதி கிடையாதாம்.

இந்தப் புஞ்சையில் கட்டுவதற்காக நீ அனுப்பியிருந்த வீட்டுப் படம் அப்போது என் மஞ்சள் பையில் இருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அம்மாவைப் புதைத்திருக்கிற இடம் தெரிய வேண்டும் என்று நீ சொல்லி வரைய வைத்த படம். மாப்பிள்ளை உன்னை விட்டுப் போனபோது, இனி யார் வீட்டிலும் ஒண்டியிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தானே அந்த நாட்டுக்குப் போனாய். இந்த வீட்டுக்காகத்தானே அங்கே அடுத்தவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாய். அதை மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நர்கிஸ் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று நானே எழுதினேன். ஆபீசில் கொடுத்தபோது அந்த மேடம், "கையெழுத்து அழகா இருக்கு ஐயா" என்றார். கூச்சமாகப் போய்விட்டது. எதற்காக மனு கொடுக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. நிலத்தை நேரில் பார்க்க வருகிறோம், அன்றைக்கு உழுது கிடந்தால் விவசாயம் என்று எழுத வழி உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

மீரா சாகிபு மெஷின் ஒன்றைக் கூட்டி வந்து கருவையைப் பிடுங்க வைத்தார். அம்மா பக்கத்தில் மெஷினுக்கு வேலை இல்லை. அங்கே நான் வாரா வாரம் அரிவாளைக் கொண்டுபோய் முளைக்கிறதை எல்லாம் குனிந்து அறுத்துவிடுவேன். மறுநாள் உழவுக்கு வெள்ளத்துரை டிராக்டரோடு வந்தான். கலப்பையை இறக்கப் போனபோது நான் முன்னால் போய் நின்று, முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவன், "முழங்காலு வலி ஒங்களுக்கா டிராக்டருக்கா மாமா?" என்றான். அடுத்த நாளும் வந்தான். அடுத்த நாளும் எனக்கு வலித்தது.

மீரா சாகிபு கோபமாக வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏலே, ஒம் பொண்டாட்டி செல்லக்கிளி மேலயா உழச் சொல்லுறேன்? அவள ஒதுக்கி விட்டுட்டு இந்தப் பக்கம் நாலு சால் ஓட்டுனா என்னலே? காடு போச்சுன்னாதான் அவ உன்னையச் சும்மா விடமாட்டா" என்றார். நம் சனத்து வழக்கம் அவருக்கு முழுசாகத் தெரியாது. சொந்தக் காட்டில் ஒருத்தரை வைத்தால், பெற்ற பிள்ளைகள் எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்ட பிறகுதான் அந்தக் காட்டில் ஏர் இறங்கும். ஒரு மூலையில் இறங்கினாலும் இறங்கினதுதான்.

இதை எழுதுவதால் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மா போன அன்றைக்கு அந்த வீட்டுக்காரர்கள் உன்னை விடவில்லை. மாரிசெல்வம் போனை என் காதில் வைத்தான். "நான் வந்து மண்ணு போடுற வரைக்கும் அம்மா காட்டுல ஏர் எறக்கிறாதீகய்யா" என்று நீ அழுதாய். அழுகிறவர்கள் அந்த நேரத்தில் எதையாவது சொல்வார்கள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். உழவு போடாததற்குக் காரணம் முழங்கால்தான்.

வியாழக்கிழமை காலை.

ராத்திரி தூறல் விழுந்தது. மீரா சாகிபு மல்லிக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள் சொன்னபடி போன மாதமே ஜீப்பில் வந்தார்கள். உழவு இல்லை, சால் இல்லை, பிடுங்கின கருவை மட்டும் குவிந்து கிடந்தது. படம் எடுத்தார்கள். ஒருத்தர் நடுக்காட்டுக்குப் போய், இந்த மேடு என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். அவர் உடனே பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றினார். "எதாவது பயிர் வச்சிருக்கீகளாய்யா, ஒரு ஓரத்துலயாவது?" என்று அவராகவே இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரோ என்னவோ. இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மேல் குற்றமில்லை தாயி. கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்.

போன வாரம் முடிவான படம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஊதாதான். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை.

மாரிசெல்வம் லோடு ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்து சத்தம் போட்டான். "ஒரு நா உழவு போட்டிருந்தா அக்கா வீடு நின்னுருக்கும்யா! அக்கா வந்து மண்ணு போடட்டும்னு உக்காந்திருந்தீகளாக்கும்? கேட்டிருந்தா உழுங்கன்னு அதுவே சொல்லிருக்கும்ல!" என்றான். அவன் சொல்வது நிஜம். கேட்டிருந்தால் நீ உழச் சொல்லியிருப்பாய், அது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை உன் வாயால் சொல்ல வைக்க எனக்கு என்ன வந்தது? அவன் கத்திவிட்டு, பிறகு அடுப்படியில் போய் நின்று அழுதான். நான் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நாளைக்குப் போனில் உன்னிடமும் இப்படியே சொல்லுவான். நம்பாதே. அய்யாவுக்கு முழங்கால் முடியவில்லை, அவ்வளவுதான்.

சுற்றி இருக்கிற தரிசை எல்லாம் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. கல் ஊன்றியாகிவிட்டது. பங்குனி முடிவதற்குள் வேலி போடுவார்கள் என்கிறார்கள். நடுவில் நாம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, கொடுத்துவிட்டு அக்காவுக்கு டவுனில் ஒரு வீடு பார்ப்போம் என்கிறான் மாரிசெல்வம். அவன் சொல்வது சரிதான். தண்ணீர் வருகிற தெருவாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் போடு. நானும் போட்டுவிடுவேன். அம்மா எங்கேயும் போகப்போவதில்லை, வேலிக்கு உள்ளே இருப்பாள். நாம்தான் வெளியே நிற்க வேண்டும்.

இதற்காக நீ வேலையை விட்டுவிட்டு அவசரப்பட்டு வர வேண்டாம். அவர்கள் எப்போது லீவு விடுகிறார்களோ அப்போது வா. தலைவலி அடிக்கடி வருகிறது என்றாயே, வெயிலில் துணி காயப்போடும்போது தலையில் எதையாவது கட்டிக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்சூர் அலி பெருநாளைக்கு ஊருக்கு வருகிறானாம். நர்கிஸ் வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அவன் கிளம்புவதற்கு முன்னால், நீ இருக்கிற வீட்டு வாசலுக்கு வெளியே போய் ஒரு பிடி மண் அள்ளு. அங்கே மணலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வெளியே விடவில்லை என்றால் பூந்தொட்டியில் இருந்தாவது எடு. கரண்டியால் வேண்டாம், உன் கையால் எடு. ஒரு துணியில் முடிந்து மன்சூரிடம் கொடு. அய்யா கேட்டார் என்று சொன்னால் போதும், எதற்கு என்று கேட்க மாட்டான். வேலி போடுவதற்குள் அவன் வந்து சேர்ந்துவிடுவான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் தூங்கு. நீ நல்லா இருக்கணும் தாயி.

இப்படிக்கு,
உன் அய்யா,
பெ. சோணைமுத்து.