இளவரசி மூன்று முறை சொன்னாள்

சிவமயம்

காஞ்சிபுரம்
4-8-1998

சிரஞ்சீவி தினகரனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. உன் மகள் ரஞ்சனிக்குப் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் மாற்றம் இல்லை. நீ ஒன்பதாம் தேதி வந்து இறங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் நாளைக்கு மஸ்கட் திரும்புகிற தனசேகரனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய், உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழாது.

ஏற்பாடெல்லாம் நடக்கிறது. மெட்ராஸில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு வீட்டை ஒரு மாதத்துக்குப் பேசிவிட்டேன், உன் அம்மா ஸ்டவ், குக்கர், அரிசி எல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். கட்டி சிறுமூளையில், எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறதாம். பெரிய டாக்டர், முழுசாக எடுத்துவிடலாம் என்று நம்புகிறேன், திறந்து பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் பேசாத மனுஷர், எனக்குப் பிடித்துப்போயிற்று. முடியை எடுக்க வேண்டும் என்றதற்குக் குழந்தை அழவில்லை. "தாத்தாவுக்குந்தான் முடி இல்ல, நல்லாத்தானே கீறாரு" என்றாள். நர்சு சிரித்துவிட்டாள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இளவரசியிடம், "இத்தன நாளா பெத்தவ நீ தூங்கிக்கினு இருந்தியா" என்று கத்தியது பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது. அவள் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். பேச வேண்டியவன் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை. தினகரா, அவள் மூன்று முறை சொன்னாள். மாசி மாதத்தில் முதல் தடவை, "மாமா, காலையில எழுந்தா தலவலின்றா, வாந்தி எடுக்கிறா, பெரிய டாக்டரா பாத்து காட்டலாமா" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க வேஷம் என்றேன். நாற்பது வருஷமாகச் சேலைக் கடையில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவன், ஏழு வயசுக் குழந்தையின் பொய் தெரியாதா என்ற திமிர். அடுத்தது வைகாசி முகூர்த்தத்தில். கடை நிறைய ஆள். குழந்தைக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாகத் தெரிகிறதாம் என்று வந்து சொன்னாள். "அப்ப கல்லாவுல உக்கார வை, வியாபாரம் ரெட்டிப்பாவும்" என்றேன். சேலை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை, உனக்கு எழுதப் போகிறேன் என்றாள். பிழைக்கப் போனவன் மனசைக் கெடுத்தால் இந்த வீட்டில் அவளுக்கு மரியாதை இருக்காது என்று நான் மிரட்டினேன்.

அவள் மட்டும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நமக்கு நெய்கிற மயில்வாகனம் வீட்டுக்கு ரஞ்சனி விளையாடப் போவாள். நெய்கிறவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சேலை தாமதமானால் முதலில் நம் வீட்டு க்ஷேமத்தை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் வந்து, "மொதலாளி, பாப்பா நடை ஒரு பக்கமா சாயுது, செவுத்தப் புடிச்சிக்கினு நடக்குது" என்றான். நான், "அந்தக் கதையெல்லாம் வேணாம்பா, சேலை எப்ப வரும், அதச் சொல்லு" என்றேன். அவன் பையிலிருந்து சேலையை எடுத்து வைத்தான். இரண்டு நாள் முன்னதாகவே தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் சாக்குச் சொல்ல வரவில்லை என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பார்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தை பள்ளிக்கூடப் படியில் விழுந்து, டீச்சர் கூட்டிக்கொண்டு வந்து விட்ட பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோதும் ஒரு மாதம்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். நாலு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சர்க்கரை இருப்பதால் என்னுடையதை எடுக்கவில்லை. மயில்வாகனம் தறியை நிறுத்திவிட்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். கொடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு, "இந்தவாட்டி சேலை நாலு நாள் தள்ளிப் போவும் மொதலாளி, இப்பவே சொல்லிட்டேன்" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியில் இளவரசியிடம், "அம்மா" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. "மாத்திரை போட்டீங்களா மாமா" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

நீ வந்ததும் வழக்கம்போல என் காலில் விழாதே. நேரே அவளிடம் போ. அவள் மேல் தப்பில்லை என்று எங்கள் எல்லோர் எதிரிலும் நீ சொல்ல வேண்டும், நான் அங்கேயே நிற்கிறேன். என்னை அப்புறம் என்ன கேட்டாலும் கேள். குழந்தை குணமாகி, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒரே பையில் வைக்காதே.

ஒன்று விட்டுப்போயிற்று. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற தாளில் கார்டியன் என்று என் பேரைப் போட்டு நீட்டினார்கள். என் பேரை அடித்துவிட்டுத் தாளை இளவரசியிடம் கொடுக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. கைலாசம்